ஒலிப்பொதியும் கால் மாத்திரைப் பிசகும்

மதுரைக்கு மேற்கே தேனிச் சாலையில், நாகமலை புதுக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில், தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பாடத் தெரிந்த முதியோர் இன்னும் உளர். அவர்தம் பாட்டுக்களைக் கைப்பேசியிற் பதிந்து கொணர்ந்து, சொற்களை ஏட்டில் எழுதி, ஒவ்வோர் அடிக்கும் எதிரே அது தொடங்கும் நேரத்தையும் குறித்து வைக்கும் வழக்கம் மாணவரிடை வளர்ந்து வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயின் இங்ஙனம் குறித்த நேரங்கள், ஒலிக்கோப்பின் ஒரு படியில் முற்றும் பொருந்தி நிற்க, அதே ஒலியின் மற்றொரு படியில் சிறிது விலகித் தோன்றுதல் உண்டு. குறித்தவரின் கவனக்குறைவென்று தள்ளிவிடுதல் எளிது. உண்மை அதுவன்று. ஒலியைச் சுருக்கிப் பொதியும் முறையே இவ்விலகலை உண்டாக்குகிறது. அஃது ஏன் நேர்கிறது, எத்துணை அளவினது, அதனால் நமக்கு வரும் நட்டம் யாது என்பனவே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் ஒலி எண்ணாக மாறும் விதத்தை நினைவூட்டிக்கொள்வோம். இசைக் குறுந்தகட்டில் ஒரு நொடி ஒலி 44,100 இடங்களில் அளக்கப்பட்டு, அத்தனை எண்களாக எழுதப்படுகிறது. ஒவ்வோர் அளவையும் ஒரு மாதிரி என்பர். இவ்வெண்களுள் ஒன்றையும் விடாது வரிசையாக எழுதி வைத்ததே 'வேவ்' கோப்பு. அதில் ஆயிரமாவது மாதிரி என்றும் ஆயிரமாவது மாதிரியே. காலம் பிசக வழியில்லை. ஆனால் அதற்கு இடம் மிகுதியாக வேண்டும். இரு செவிக்குமுரிய ஒரு நிமிட ஒலி பத்து மெகாபைட்டுக்கு மேல் நிற்கும். எம்.பி.3 முறையிலோ, நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில், அதே நிமிடம் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். செவி உணராதவற்றைக் கழித்து எஞ்சியதை மட்டும் கட்டுவதால் இஃது இழப்புடைச் சுருக்கம் எனப்படும். இங்ஙனம் கட்டும் நிரலைப் பொதிப்பான் என்றும், கட்டை நீக்கி ஒலியாக்கும் நிரலை அவிழ்ப்பான் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

எம்.பி.3 முறை ஜெர்மானிய நாட்டுப் பிரான்ஹோபர் நிறுவனத்தார் முதலிய பலருடைய உழைப்பால் உருவாகி, 1993-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தரமாக வெளிவந்தது. இதன் அடித்தளத்துக் கணிதத்தில் நம் நாட்டார்க்கும் பங்குண்டு. பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் மூவர் 1974-இல் வெளியிட்ட கொசைன் மாற்றம் என்னும் முறையே, இன்று படத்தையும் ஒலியையும் சுருக்கும் கலைக்கு வேர். இவருள் ராவ் என்பார் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1952-இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆசிரியராயிருந்தவர். அம்முறையை ஒலிக்கு ஏற்பப் பிரின்சன், பிராட்லி என்னும் ஆங்கில நாட்டு ஆய்வாளர் 1986, 1987-ஆம் ஆண்டுகளில் திருத்தியமைத்தனர். நாம் தேடும் காலதாமதம் இத்திருத்தத்தோடு பின்னிக் கிடக்கிறது.

அதனை விளக்குவோம். ஒலியை முழுவதும் ஒருங்கே சுருக்குதல் இயலாது. துண்டு துண்டாக நறுக்கியே சுருக்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சுருக்கி மீண்டும் அடுக்கினால், துண்டுக்குத் துண்டு பொருந்தாது, சேருமிடந்தோறும் 'டிக் டிக்' என்னும் ஓசை எழும். இதனைத் தவிர்க்கவே ஒரு துண்டின் பாதி அடுத்த துண்டின் பாதியோடு மேற்படியுமாறு அமைத்தனர். நாட்டோடு வேய்ந்த கூரையைக் கண்டிருப்பீர்கள். ஒரு வரிசை ஓட்டின்மேல் அடுத்த வரிசை பாதி ஏறி நிற்பதால்தான் மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. இரண்டு ஓடுகள் சேர்ந்த இடமே நீர் புகா இடம். ஒற்றை ஓடு மட்டும் உள்ள இடம் ஒழுகும். சுவர் தொடங்கும் இடத்திலேயே இரட்டைக் காப்பு வேண்டுமாயின், முதல் வரிசை ஓடு சுவருக்கு வெளியிலிருந்தே தொடங்கவேண்டும் அன்றோ? அங்ஙனம் வெளியே நீளும் பகுதியை இறவாரம் என்கிறோம்.

ஒலிப்பொதியிலும் இதுவே நிகழ்கிறது. பொதிப்பான் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு துண்டிலும் உண்மை ஒலியோடு அதன் தலைகீழ் நிழலும் கலந்தே வெளிப்படும். அடுத்த துண்டின் நிழல் இதற்கு நேரெதிராய் வந்து விழ, இரண்டையும் கூட்டும்போது நிழல்கள் தம்முள் அழிந்து மெய்யொலி மட்டும் எஞ்சும். ஆகவே அவிழ்ப்பான் ஒரு துண்டைப் பெற்றவுடன் அதனை ஒலிக்கவிட முடியாது. அடுத்த துண்டு வருமளவும் காத்திருந்தே தீரவேண்டும். பாட்டின் முதல் துண்டுக்கு முன்னோ துணைசெய்ய ஏதும் இல்லை. ஆதலின் பொதிப்பான் தொடக்கத்தில் வெறும் மௌனத்தை வைத்து அதன்மேல் முதல் துண்டைப் பாதி ஏற்றுகிறது. நாம் கேட்கும் கோப்பின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு மௌனம் ஒலியின் இறவாரமே ஆகும்.

இனி அளவுகளைக் காண்போம். எம்.பி.3 பொதிப்பான் ஒலியை முதலில் சல்லடையிற் சலிப்பதுபோல 32 சுருதிப் பட்டைகளாகப் பிரிக்கிறது. பட்டை ஒன்றுக்கு 18 எண்களாகச் சேர்த்து 576 மாதிரிகளை ஒரு துண்டாகக் கொள்கிறது. இரண்டு துண்டு சேர்ந்தது 1,152 மாதிரிகள் கொண்ட ஒரு சட்டகம். நொடிக்கு 44,100 மாதிரி என்னும் கணக்கில் ஒரு சட்டகத்தின் காலம் ஏறக்குறைய 26 மில்லிநொடி. மில்லிநொடியாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1998-இல் தொடங்கிப் பலரும் கைக்கொண்ட 'லேம்' என்னும் பொதிப்பான் தன் வழக்கமான அமைப்பில் தலையில் 576 மாதிரியளவு தாமதத்தைச் சேர்க்கிறது. அவிழ்ப்பானின் சல்லடையும் மேற்படிதலும் இன்னும் 529 சேர்க்கின்றன. ஆக 1,105 மாதிரி, அஃதாவது 25 மில்லிநொடி.

வாலிலும் இத்தகையதொன்று உண்டு. சட்டகத்தைப் பாதியில் முறிக்க இயலாமையால், எஞ்சிய இடம் மௌனத்தால் நிரப்பப்படும். சரியாக ஒரு நொடி நீளமுள்ள 44,100 மாதிரிகளைப் பொதிந்து பாருங்கள். தலையில் ஏறிய 1,105-ஐயும் கூட்டினால் 45,205. முப்பத்தொன்பது சட்டகங்களில் இஃது அடங்காது, நாற்பது வேண்டும். நாற்பது சட்டகங்களை அவிழ்த்தால் வருவதோ 46,080 மாதிரிகள். ஒரு நொடியைப் பொதிந்து வைத்தவர், நொடியும் அதற்குமேல் ஏறத்தாழ 45 மில்லிநொடியும் திரும்பப் பெறுகிறார்! கொடுத்ததற்கு மேல் கூடுதலாகத் திரும்பி வருவது வட்டிக்கடையில் மட்டுமே என்றிருந்தோம்.

தாமதத்துக்கு மற்றொரு காரணமும் உளது. தவிலோ பறையோ திடீரென அதிரும்போது, நீண்ட துண்டிற் பொதிந்தால், சுருக்கத்தால் நேர்ந்த இரைச்சல் துண்டு முழுவதும் பரவி, அடி விழுமுன்னரே ஒருவகைச் சலசலப்பாய்க் கேட்கும். அடிக்கு முந்தி வரும் எதிரொலி என்று இதனைச் சொல்லலாம். மலையும் செய்யாத விந்தை இது. இதனைத் தடுக்கப் பொதிப்பான் அவ்விடத்தில் மட்டும் துண்டை மூன்று சிறு துண்டுகளாக்கிக்கொள்ளும். அடி வரப்போகிறதென்று முன்னரே அறிந்தாலன்றோ சிறு துண்டுக்கு மாற முடியும்? அதற்காக அது வருங்காலத்தைச் சிறிது எட்டிப் பார்த்தே நிகழ்காலத்தை எழுதுகிறது. நேரலையில் ஒலி சற்றுப் பிந்தி வருவதன் காரணங்களுள் இவ்வெட்டிப் பார்த்தலும் ஒன்று.

இஃது இயல்பான விலையே என்றால், குறை எங்கேயுளது? எண்ணைக் குறித்து வைக்காமையில் உளது. 1993-ஆம் ஆண்டுத் தரம் அவிழ்ப்பான் எவ்வாறு இயங்கவேண்டுமென்று வகுத்ததேயன்றி, பொதிப்பானை அதன் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. ஆதலின் பொதிப்பானுக்குப் பொதிப்பான் தாமதம் வேறுபடலாயிற்று. எவ்வளவு தாமதம் சேர்ந்தது என்று எழுதிவைக்கக் கோப்பில் ஓர் இடமும் ஒதுக்கப்படவில்லை. லேம் நிரலைச் செய்தோர் பின்னர் இக்குறையைத் தாமே தீர்க்க முயன்று, கோப்பின் முதற் சட்டகத்தை ஒலியில்லாததாக ஆக்கி, அதற்குள் தலைத் தாமதத்தையும் வால் நிரப்பையும் மூன்றே பைட்டுகளில் எழுதிவைத்தனர். இவ்வடையாளத்தைப் படிக்கத் தெரிந்த அவிழ்ப்பான் இறவாரத்தை வெட்டிவிட்டுச் சுவரிலிருந்தே அளக்கிறது. படிக்கத் தெரியாததோ, அடையாளச் சட்டகத்தையும் ஒலியென்றெண்ணி அவிழ்த்து, இன்னும் 1,152 மாதிரி மௌனத்தைச் சேர்த்துவிடும். அப்பொழுது மொத்த விலகல் 2,257 மாதிரி, அஃதாவது 51 மில்லிநொடி. ஒரே கோப்பு, மூன்று அவிழ்ப்பான்கள், மூன்று தொடக்கங்கள். நிரல் மாற்றியதும் தாளக் குறிகள் எல்லாம் ஒருசேர விலகக் கண்டு மேனாட்டு இசைத்தட்டுக் கலைஞர் பலகாலம் திகைத்தது இக்காரணத்தாலேயே.

இவ்விலகல் செவிக்குப் புலனாகுமா எனின், தனியே கேட்பார்க்குப் புலனாகாது. நம் பக்கத்து வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். 25 மில்லிநொடியில் அது கடப்பது 9 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நாகமலை அடிவாரத்துத் திருவிழாவொன்றில் பறையடிப்பவருக்கு ஒன்பது மீட்டர் தள்ளி நிற்பவன் அவ்வளவு தாமதமாகவே ஒவ்வோர் அடியையும் கேட்கிறான். அதனை அவன் குறையாகக் கொள்வதில்லை. பாட்டுக் கேட்டு மகிழ்வார்க்கு இக்கட்டுரையால் ஆவது யாதுமில்லை என்று நாமே ஒப்புக்கொள்வோம். மோசில்லா நிறுவனத்தாரின் 'காமன் வாய்ஸ்' தொகுப்பில் தமிழ் வாக்கியங்கள் எம்.பி.3 கோப்புகளாகவே வழங்கப்படுகின்றன. அங்கே ஒரு கோப்புக்கு ஒரு வாக்கியம் என்பதே பொருத்தம். ஆதலின் தலையில் சிறிது மௌனம் ஏறினும் கேடில்லை.

கேடு வருவது, நேரத்தை அளவையாகக் கொண்டு வேலை செய்யுமிடத்து. தொல்காப்பியர் மாத்திரைக்கு இயல்பாகக் கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அளவாகக் கூறினார். கண்ணிமைப்பு நொடியிற் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவதில்லை. மாத்திரையை நூறு மில்லிநொடி என்றே கொள்ளின், எம்.பி.3 புகுத்தும் 25 மில்லிநொடி கால் மாத்திரை ஆகும். நன்னூலார் மகரக்குறுக்கத்துக்கு வகுத்த அளவும் அதுவே. கால் மாத்திரையையும் ஓர் எழுத்தாக எண்ணி இலக்கணம் வகுத்த மொழியின் ஒலியை ஆராய்பவர், அதே அளவான பிசகைப் பொருட்படுத்தாது விடல் எங்ஙனம்? லிஸ்கர், ஆப்ரம்சன் என்னும் அமெரிக்க ஒலியியலார் 1964-இல் பதினொரு மொழிகளில் சொல்முதல் வல்லெழுத்துக்களை அளந்தபோது தமிழும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. வாயடைப்பு விடுபடுவதற்கும் குரல் எழுவதற்கும் இடைப்பட்ட காலமே அவர் அளந்தது. தமிழில் அது சில பத்து மில்லிநொடிக்குள் முடிந்துபோகும் செய்தி. வேவ் கோப்பில் இட்ட குறியை எம்.பி.3 படியின்மேல் வைத்துப் பார்த்தால், 'க' வெடிக்குமிடம் என்று குறித்தது வாய் மூடியிருக்கும் மௌனத்தின்மேல் விழும். அளவு முழுவதும் பயனற்றதாகிவிடும்.

இசையாராய்ச்சியிலும் இவ்வாறே. பார்சிலோனா நகரத்துப் போம்பெயு பாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா என்பார் தலைமையில் 2011-இல் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' என்னும் ஆராய்ச்சித் திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் பங்குகொண்டனர். அதன் விளைவாக வெளிவந்த 'சராகா' தொகுப்பில் கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுகள் எம்.பி.3 கோப்புகளாயிருக்க, அவற்றோடு தாளத்தின் சமம் விழுமிடங்களும் பாட்டின் பகுதிகளும் நொடிக்கணக்கிற் குறிக்கப்பட்டுள்ளன. இத்தகைய குறிகள், அவற்றை இட்டவர் எந்த அவிழ்ப்பானைக் கொண்டு கேட்டாரோ அந்தக் காலக்கணக்கிற்கே உரியன. தாளங் கண்டுபிடிக்கும் நிரல்களைத் தேர்வு செய்வோர், சரியான இடத்துக்கு இருபுறமும் 70 மில்லிநொடிக்குள் விழுந்தால் சரியெனக் கொள்ளுதல் பெருவழக்கு. அவ்வெல்லையில் மூன்றிலொரு பங்கை, சில வேளை மூன்றில் இரு பங்கையும், நிரல் ஏதும் தவறு செய்யுமுன்பே அவிழ்ப்பான் தின்றுவிடுமாயின், பழி நிரலின்மேல் விழும்.

பலர் குரலை ஒன்றுசேர்க்குமிடத்து இப்பிசகு செவிக்கே தெரியவரும். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் பாடகர் குழுக்கள் பல, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலிருந்து கைப்பேசியிற் பாடியனுப்ப, அவற்றை அடுக்கிச் சேர்ந்திசை ஆக்கின. ஆப்பிள் நிறுவனத்தார் கையாளும் ஏ.ஏ.சி. என்னும் பொதிமுறையில் தலையில் ஏறுவது 2,112 மாதிரி. அது 48 மில்லிநொடி. கோப்பிலேயே இவ்வெண் எழுதப்பட்டிருப்பினும், இடையில் வேறு நிரலால் உருமாற்றினால் அவ்வடையாளம் தொலைந்துபோதல் கூடும். அப்போது ஒருவர் குரல் 48 மில்லிநொடி பிந்த, மற்றொருவர் குரல் 25 பிந்த, இன்னொருவர் வேவ் கோப்பு அனுப்பி யாதும் பிந்தாதிருக்க, 'ச'கரமும் 'ட'கரமும் வருமிடந்தோறும் மும்முறை தெறித்து விழும். பாடியவர் மூவரும் தாளம் தப்பாதவராயிருக்கவும், கேட்பார் அவரையே நோவர்.

பிரதியிலிருந்து பிரதி எடுப்பதால் நேர்வது இன்னும் கொடிது. அடையாளம் படியாத அவிழ்ப்பானால் அவிழ்த்து, வெட்டியொட்டி, மறுபடி பொதிந்து, இங்ஙனம் ஐந்து கை மாறினால் 5,525 மாதிரி ஏறிவிடும். நொடியில் எட்டில் ஒரு பங்கு. இதற்கு முற்றும் வேறான ஒரு மயக்கத்தையும் இங்கே சுட்டிவிடுதல் நலம். பிட்டளவு இடத்துக்கிடம் மாறும் எம்.பி.3 கோப்பில், நடுவே ஒரு நேரத்துக்குத் தாவ உதவும் பட்டியலில் இடங்கள் நூறே உள. ஒரு மணிநேர ஒப்பாரிப் பதிவாயின், பட்டியலின் இரண்டு இடங்களுக்கு இடையே 36 நொடி. இடைப்பட்டதை இயக்கி ஊகித்தே செல்லும். '23 நிமிடம் 10 நொடி' என்று ஏட்டிற் கண்டதைத் தேடித் தாவினால் வேறோர் அடி கேட்பது இதனால். முன்னது மாறாத சிறு விலகல். இது தாவும்போது மட்டும் தோன்றும் பெரு விலகல். இரண்டையும் ஒன்றாகக் கருதித் திருத்தப் புகுந்தால் சரியாயிருந்ததும் கெடும்.

மருந்து பெரிதன்று. பதியும்போதே வேவ் அல்லது இழப்பில்லாத 'பிளாக்' முறையிற் பதிதலே தலையாயது. பிளாக் கோப்பில் மாதிரிகளின் எண்ணிக்கையும் இடமும் சிறிதும் மாறுவதில்லை. எம்.பி.3 கேட்பதற்கும் அனுப்புவதற்கும் ஆகட்டும். நேரம் குறிப்பது மூலக்கோப்பின்மேல் மட்டுமே நிகழட்டும். குறிப்பேட்டில் பாடியவர் ஊரையும் நாளையும் எழுதும் இடத்திலேயே, எந்தக் கோப்பில், எந்த நிரலால் நேரம் அளக்கப்பட்டது என்பதையும் ஒரு வரி எழுதுக. திரைப்படத்தார் காட்சிதோறும் பலகை தட்டுவதுபோலப் பாட்டுத் தொடங்குமுன் ஒருமுறை கைதட்டிப் பதிந்துவிட்டால், எத்தனை படி எடுத்தாலும் தட்டொலியைத் தட்டொலியோடு பொருத்தி மற்றவற்றை நேராக்கலாம். காசு செலவில்லாத இந்தக் கைத்தட்டை மாணவர் மறவாதிருக்க வேண்டுகிறோம். பாடிய மூதாட்டியை மீண்டும் ஒருமுறை பாடச் சொல்லும் வாய்ப்பு எல்லாக் காலத்தும் கிட்டுவதன்று.

பின்வந்த பொதிமுறைகள் முன்னதன் குறையைக் கண்டு திருந்தின. 2012-இல் வெளிவந்த 'ஓப்பஸ்' முறையின் கோப்பமைப்பில், தலையில் எத்தனை மாதிரியை விட்டுவிடவேண்டும் என்னும் எண்ணுக்கென்றே ஓர் இடம் உண்டு. 2016-ஆம் ஆண்டு விதி அதனைக் கட்டாயமாக்கிற்று. அதன் வழக்கமான பொதிப்பான் எழுதும் எண் 312. நொடிக்கு 48,000 மாதிரி என்னும் கணக்கில் ஆறரை மில்லிநொடி. அங்கும் மேற்படிதல் உண்டு, காத்திருத்தல் உண்டு, இறவாரமும் உண்டு. சுவர் எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் கதவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அடையாளமும் தொலைந்து, மூலமும் அழிந்து, எம்.பி.3-இலிருந்து மீட்ட வேவ் கோப்பு மட்டுமே கையில் உள்ளவர் செய்வது யாது? அவர்க்கும் ஒரு வழியுண்டு. ஒருமுறை பொதியப்பட்ட ஒலி தன்மேல் துண்டின் தழும்பைத் தாங்கியே நிற்கும். அதனை மறுபடி 576 மாதிரித் துண்டுகளாகப் பகுத்து, தொடக்கத்தை ஒவ்வொரு மாதிரியாக நகர்த்தி 576 இடங்களிலும் சோதித்தால், ஓரிடத்தில் மட்டும் எண்களுட் பல திடீரெனச் சுன்னத்தை நெருங்கும். முதற் பொதிப்பான் கத்தி வைத்த இடம் அதுவே. 2000-ஆம் ஆண்டு முதல் ஜெர்மானிய ஆய்வாளர் விளக்கிய இம்முறையால் துண்டின் எல்லை தெரியவரும். ஆனால் தலையில் முழுத் துண்டுகளாக எத்தனை ஏறின என்பது இதனாற் புலப்படாது. அதற்கு அந்தக் கைத்தட்டு வேண்டும்.